மாத்திரையும் கூழும் ஒரே தம்ளரில்

1

இந்தக் கதை ஒரு தம்ளர் ராகிக்கூழிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தூக்கக் கலக்கத்தோடு சமையலறைக்குப் போனேன். என் அம்மா கிருபாராணி, வாரத்துக்கு ஒன்று போடச் சொல்லி டாக்டர் கொடுத்திருந்த எலும்பு மாத்திரையை நாக்கில் வைத்து, மோர் ஊற்றிக் கரைத்த கூழைக் குடித்து விழுங்கிக்கொண்டிருந்தாள். பிறகு மேலுதட்டில் ஒட்டியிருந்த கூழ் மீசையைத் துடைத்தாள்.

"என்னம்மா பண்ற? வெறும் வயித்துல போடச் சொன்னாங்கல்ல?"

"வெறும் வயிறுதான்டி. இன்னும் ஒண்ணும் சாப்பிடல."

"கையில என்ன அது?"

"கூழு. இது என்ன சாப்பாடா? குடிக்கிறது."

எங்கள் பக்கத்தில் இதற்குப் பதில் கிடையாது. களி தின்றால்தான் சாப்பிட்டதாகக் கணக்கு. கூழ் தண்ணீருக்கு அண்ணன் முறை. அதைக் குடித்துவிட்டு, "காலையிலிருந்து பச்சைத் தண்ணி பல்லுல படல" என்று சொல்பவர்களை எனக்குத் தெரியும்.

2

இப்போது இந்தக் கதைக்கு நான் எழுதிப் பார்த்த தொடக்கங்கள். நான், பெனி, ஓசூரில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். கம்பெனி பஸ்ஸில் போகவர மொழிபெயர்ப்பு நாவல்களாக வாசிப்பேன். அதனால் முதல் தொடக்கம் இப்படி வந்தது:

"விடாமல் பனி பெய்துகொண்டிருந்த அந்தக் காலையில், விதவையான கிருபா—"

(அடித்துவிட்டேன். தளி மலையில்கூட மூட்டம்தான் போடும், இப்படிப் பனி கொட்டாது. தவிர அப்பா ஆரோக்கியநாதன் பக்கத்து அறையில் உயிரோடு கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிறார்.)

இரண்டாவது: "அவள் எலும்புகளுக்குள் புறாக்கள் கூடு கட்டியிருந்தன."

(அழகுதான். ஆனால் அம்மா வாசித்தால், "நான் என்ன கோயில் மணிக்கூண்டா?" என்று கேட்பாள்.)

மூன்றாவதில் அம்மாவையே எடுத்துவிட்டு மாரம்மா என்று ஒரு பெண்ணைப் போட்டேன். அரைப் பக்கம் நன்றாகத்தான் போனாள். அதற்குள் மேலுதட்டைத் துடைத்துவிட்டாள். பேரை மாற்றி என்ன பயன்?

நான் படித்த நாவல்களில் கதாநாயகிகள் இருமி இருமிச் சாகிறார்கள், காதலித்துச் சாகிறார்கள், ஆற்றில் விழுகிறார்கள். எலும்பு தேய்ந்து யாரும் அத்தியாயம் நகர்த்துவதில்லை. கிழவிகள் எல்லா நாட்டு நாவல்களிலும் வருகிறார்கள், ஆனால் வரும்போதே கூனிக்கொண்டு வருகிறார்கள். கூன் விழுவதற்கு முந்தைய வருடத்தை, அதைத் தடுக்கலாமா என்று யோசிக்கும் ஒரு பெண்ணை, யாராவது எழுதியிருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

3

அம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. பேரிகை பக்கம் ஒரு ரோஜா கிரீன்ஹவுஸில் பூ வெட்டுகிறாள். போன வருடம் அங்கே ஈரத் தரையில் வழுக்கிக் கையை ஊன்றினாள். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே மணிக்கட்டு உடைந்துவிட்டது. கட்டுப் பிரித்தபிறகு டாக்டர் எலும்பு அடர்த்தி பார்க்கும் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். முடிவு மைனஸில் வந்தது, எலும்பு தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

"பள்ளிக்கூடத்துல முட்டை வாங்கியிருக்கறன். மைனஸ் வாங்கினதில்ல," என்றாள் அம்மா.

எனக்கு அன்று ஷிப்ட். துணைக்குப் போனவர் வெள்ளையம்மா. அம்மாவோடு எதிர்வரிசையில் பூ வெட்டுகிறவர், வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், முதலாளியிடம் கன்னடம் பேசுகிறவர். மாத்திரைச் சீட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டாராம்.

"ராணி, ராகி விளையற ஊர்ல பொறந்துட்டு எலும்புக்கு மாத்திரையா? தேவுடா! கூழு குடி, எள்ளுருண்டை தின்னு, பெரண்டை துவையல் அரை. அந்த மாத்திரை தின்னா தாடை எலும்பே அழுகிப் போவுதாம். போன்ல ஒருத்தன் படம் போட்டுக் காட்டறான்."

நான் மாத்திரைக் கட்சி. அம்மா யார் மனதையும் நோகடிக்கத் தெரியாதவள். ஆகவே இரண்டு கட்சியையும் ஒரே தம்ளரில் கூட்டணி சேர்த்துவிட்டாள்.*

* அடிக்குறிப்பு: மாத்திரை அட்டையை அவள் வைத்திருந்தது ராகி மாவு டப்பாவுக்குள். "ரெண்டும் ஒரே சோலிக்குத்தான? ஒண்ணா இருக்கட்டும்."

4

கூழ் மீசையைப் பார்த்த ஞாயிற்றுக்கு மறுநாள் டாக்டரைப் பார்த்தேன். சின்னப் பெண், சேலத்துப் பேச்சு. கேட்டுவிட்டு முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

"ராகியில சுண்ணாம்புச் சத்து ஜாஸ்தி. அதான் இங்க தப்பு. மாத்திரையை அது பிடிச்சுக்கும், உடம்புல சேர விடாது. தண்ணி மட்டும்தான் குடிக்கணும், ஒரு முழு தம்ளர். அப்புறம் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாம நிமிர்ந்து இருக்கணும். படுத்தா நெஞ்சு எரியும்."

"அப்ப கூழை நிறுத்திடவா?"

"நான் எங்க அப்படிச் சொன்னேன்? கூழும் வேணும், கீரையும் வேணும், வெயில்ல நடக்கவும் வேணும். ஒரு தடவை உடைஞ்ச எலும்புக்கு அது மட்டும் போதாதுன்னுதான் சொல்றேன். அடுத்தது இடுப்புல உடைஞ்சா நடையே போயிடலாம்."

தாடையைப் பற்றிக் கேட்டேன். வரலாம், மிக அபூர்வம், பல்லில் கோளாறு இருந்தால் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும், சில வருடம் போட்டபின் நிறுத்தலாமா என்றும் யோசிக்கலாம் என்றார். பிரண்டையைப் பற்றியும் கேட்டேன். "துவையல் நல்லா இருக்கும். மாத்திரைக்குப் பதிலா வைக்கிற அளவுக்கு எனக்குத் தெரியாது," என்றார். தெரியாது என்று சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை நம்பினேன்.

5

இந்த இடத்தில் கதை இரண்டு நாள் நின்றது. இத்தனை வாரம் பக்தியாக விழுங்கியதெல்லாம் பெரும்பாலும் வீண் என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

முடிவு அ: சொல்கிறேன். அம்மா கோபத்தில் அட்டையைத் தூக்கி எறிகிறாள். அப்புறம் ஒருநாள் கிரீன்ஹவுஸில், பூ வாளியோடு—

(வேண்டாம். எழுத மாட்டேன்.)

முடிவு ஆ: சொல்லாமல், ஞாயிறுதோறும் விடியலில் எழுந்து, கூழுக்கு முன்னால் நானே தண்ணீரை நீட்டுகிறேன். உலகத்திலேயே நல்ல மகள்.

(பொய். ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்ததே அந்த ஒரு நாள்தான்.)

முடிவு இ: வெள்ளையம்மா மனம் மாறி—

(அவரைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.)

எனவே நடந்ததையே எழுதுகிறேன். சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்தாள்.

"ஆக, டாக்டரம்மாவும் வெள்ளையம்மாவும் என் வயித்துக்குள்ள சண்டை போட்டுட்டு இருந்தாங்களா?"

"அப்படித்தான்."

"யாரு ஜெயிச்சா?"

"வெள்ளையம்மா."

சிரிப்பாள் என்று பார்த்தேன். மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். "நம்பித்தான்டி குடிச்சன் பெனி. ஒவ்வொரு வாரமும் சிலுவை போட்டுட்டுக் குடிச்சன். இனிமே எதை நம்பி ஆரம்பிக்கறது?" என்றாள். அட்டையை மாவு டப்பாவுக்குள்ளேயே போட்டு மூடினாள்.

அந்த ஞாயிறு அவள் மாத்திரை போடவில்லை. கூழும் குடிக்கவில்லை. அதற்கு அடுத்த வாரம் முழுக்க நான் பஸ்ஸில் புத்தகத்தைத் திறந்து ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டு போனேன்.

6

சனிக்கிழமை சாயங்காலம் வெள்ளையம்மா ஒரு பை நிறைய முருங்கைக்கீரையோடு வந்தார். நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"பாத்தியா! ராகி எவ்வளவு பலம்னு பாத்தியா? மாத்திரையையே அமுக்கிடுச்சு!"

"அதான் அக்கா பிரச்சினையே."

"அந்த பலத்தை எலும்புக்குக் குடுக்கச் சொல்லு. மாத்திரையோட ஏன் மல்லுக்கட்டணும்? ராணி, ரெண்டு மருமகளுங்களை ஒரே அடுப்புல விடுவாங்களா? இதை முன்னால விடு, அதைப் பின்னால விடு."

அம்மா கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். பிறகு, எனக்கோ டாக்டருக்கோ தோன்றாத ஒன்றைச் சொன்னாள்.

"நாளைக்கு முதல் பூசைக்குப் போறன். சாமியார் கையால நன்மை அப்பம் வாங்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னால எப்படியும் எதுவும் தொட மாட்டன். தண்ணியும் மருந்தும் மட்டும் விரதத்தை முறிக்காதுன்னு ஃபாதர் எப்பவோ சொல்லியிருக்கறாரு. போட்டுட்டுக் கிளம்பினா, வீட்டுக்கு வந்து கூழு குடிக்க எவ்வளவோ நேரம் ஆவும்."

"நிமிர்ந்து இருக்கணும்மா. பிரசங்கத்துல தூங்கிட்டா?"

"நான் நிமிர்ந்தேதான்டி தூங்குவன். உங்கப்பாதான் சாயறவரு."

"எங்க சாமிகிட்ட வந்தா பொங்கலே குடுப்பாங்க," என்றார் வெள்ளையம்மா, கீரைக் காம்பை ஒடித்தபடி.

7

கதையை இங்கே நிறுத்தியிருக்கலாம். இன்று, ஞாயிறு காலை, அம்மா புடவை கட்டி, ஒரு முழு தம்ளர் வெறும் தண்ணீரில் மாத்திரையை விழுங்கினாள். நான் எழுந்திருந்தேன். (ஆ-வை அடித்தது எனக்கே உறுத்திவிட்டது.) மேலுதட்டில் துடைக்க ஒன்றுமில்லை, இருந்தாலும் துடைத்துக்கொண்டாள். பிறகு என் மேஜையில் கிடந்த இந்தத் தாள்களைப் பார்த்தாள்.

"என்னைப் பத்தியா?"

"ம்."

"கதையில நான் விழறனா?"

இதுவரை எந்த வாசகரும் ஒரு புத்தகத்திடம் இவ்வளவு நேரடியாகக் கேட்டிருக்கமாட்டார். எனக்குத் தெரியாது என்றேன். எலும்பு தேறியதா என்று அடுத்த ஸ்கேனில்தான் தெரியும், அது இன்னும் எடுக்கவில்லை. மாத்திரை நல்லதே செய்யலாம், நெஞ்சைக் கரித்து அவளே நிறுத்தியும் விடலாம்.

"தெரியலன்னா தெரியலன்னே எழுது. நான் பூசைக்குப் போறதோட விட்டுடு," என்று செருப்பை மாட்டினாள்.

அதனால் கடைசி வாக்கியத்தைப் பாதியில் விடுகிறேன். எங்கள் வீட்டு வாசற்படியில் கைப்பிடி கிடையாது. ராத்திரி மழை பெய்து படி ஈரமாக இருக்கிறது. இதை முடிக்க நினைக்கிறவர்கள் தாராளமாக முடியுங்கள். ஆனால் முதலில் அவள் இடது பக்கமாகப் போய், உடைந்து சேர்ந்த அந்தக் கையை இறுக்காமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

அம்மா நிமிர்ந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, முதல் படியில் கால்