மரத்தில் இரண்டு மஞ்சள் கோடுகள்

1

பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தபோது இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. ஊசி என் இடது கையில் ஏறியிருந்தது. குழாய் நிறைந்துகொண்டிருந்தது. ரத்தம் எடுத்துக்கொண்டிருந்த அம்மா, தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"சார், நீங்க கதை எழுதுவீங்களாமே? உயிருக்குப் போராடுற ஆளுகிட்ட ஒரு பொய் சொன்னா, அவர் பொழைச்சு வந்தப்புறமும் அது பொய்தானா?"

ஊசி உள்ளே இருக்கும்போது வேறு வேலை இருக்கிறது என்று யாரும் எழுந்து போக முடியாது. சொல்லுங்கள் என்றேன்.

பரிசோதனைக் கூடத்தில் இருபது வருஷமாக ரத்தம் எடுக்கிறார். குழந்தைகள்கூட அவரிடம் அழுவதில்லை, அப்படி ஒரு கை. கணவர் லிப்ட் மெக்கானிக். மூன்று குழாய் நிறைவதற்குள் பாதிக் கதையைச் சொன்னார். பஞ்சை வைத்து "அழுத்திப் பிடிங்க, தேய்க்காதீங்க" என்றுவிட்டு மீதியையும் சொன்னார். வெளியே வெறும் வயிற்றோடு காத்திருந்தவர்கள் என்னை மனதாரத் திட்டியிருப்பார்கள்.

2

முதல் தொடக்கம்: "கடல் நீலமாக இருந்தது." அடித்துவிட்டேன். கடல் வேறு எப்படி இருக்கும்?

இரண்டாம் தொடக்கம்: "தீவுக்கு வந்த மூன்றாம் நாள், கணவனும் மனைவியும் கைகோத்தபடி" [பாதியில் நிறுத்தியது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆனவர்கள். கணவர் எப்போதும் நாலடி முன்னால் போவார், இவர் பின்னால் போவார்.]

மூன்றாவதாக, பயத்திலிருந்தே தொடங்கலாம் என்று நினைத்தேன். "மண் சரிந்தபோது அவர் கத்தவே இல்லை." இதை வைத்துக்கொள்கிறேன். ஆனால் இங்கே அல்ல.

[இன்னொன்று. நேரில் அந்த அம்மாவை "அவர்" என்றுதான் சொல்வேன். மலையில் மட்டும் "அவள்" என்று எழுதுகிறேன். இரண்டு பேரையும் அவர் என்றால் யார் விழுந்தது என்று உங்களுக்குக் குழம்பிவிடும்.]

3

இருவரும் சுற்றுலா போயிருந்த தீவில் ஒரு மலை; போக வர இரண்டு மணி நேரம், சின்னப் பிள்ளைகள்கூட ஏறும் என்று விடுதியில் சொன்னார்கள். சொன்னவர் அந்த மலையில் ஏறியிருக்க மாட்டார்.

மலையடிவாரத்தில் மெக்கானிக் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். அவள் சும்மா நிற்க முடியாமல் அங்கிருந்த பலகையைப் படித்தாள். மரத்தில் ஒரு மஞ்சள் கோடு இருந்தால் அது பாதை. இரண்டு கோடு இருந்தால் பாதை மூடப்பட்டிருக்கிறது, திரும்பி வரவும். அவர் நிமிர்ந்தார், பலகைப் பக்கம் பார்க்காமலே நடந்தார். எந்தக் கருவிக்கும் விளக்கக் குறிப்பைப் படிக்காத மனிதர் அவர்.

சிவப்புக் களிமண் காலை விடவில்லை. வேர்களைப் பிடித்து ஏற வேண்டியிருந்தது, சில இடங்களில் கயிறு கட்டியிருந்தார்கள். ஒன்றரை மணி நேரம் ஏறியும் உச்சி தெரியவில்லை. வழி இரண்டாகப் பிரிந்தது. வலப்பக்கத்து மரங்களில் ஒரு கோடு, இடப்பக்கத்தில் இரண்டு. மெக்கானிக்கின் முகம் மலர்ந்தது.

"இந்தா, ரெண்டு கோடு. இதுதான்மா சரியான வழி."

[மெக்கானிக்குகள் லிப்டைத் தூக்கும் கம்பி வடத்தில் பெயிண்டால் குறி வைப்பதுண்டாம். மேலே மோட்டார் அறையில் நிற்பவருக்குக் கீழே பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாது. குறியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். இவர் முப்பது வருஷமாக இரட்டைக் கோடு போடுகிறவர். இரட்டைக் கோடு வந்துவிட்டால் பெட்டி தளத்துக்குச் சமமாக நிற்கிறது, கதவைத் திறக்கலாம், ஆள் இறங்கலாம். அவர் கண்ணில் அதைவிடப் பத்திரமான குறி உலகத்தில் கிடையாது.]

அவள் வாயைத் திறக்கவில்லை.

இந்த இடத்தில் என் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தெரிந்தும் எப்படிச் சும்மா இருந்தாள்? அடுத்த முறை பரிசோதனைக் கூடத்துக்குப் போனபோது கேட்டே விட்டேன்.

"சொன்னா என்ன சொல்வார் தெரியுமா சார்? 'உனக்கு ரத்தம் எடுக்கத் தெரியும், அதோட நிறுத்திக்க.' எத்தனை வருஷமா கேட்கிறேன். ஒரே ஒரு தடவை அவரே போய் முட்டிக்கிட்டுத் திரும்பட்டும்னு நினைச்சேன். பத்து நிமிஷத்துல வழி அடைச்சிருக்கும், திரும்பிடுவோம், ராத்திரி சாப்பிடறப்போ சொல்லிக்காட்டலாம்னு இருந்தேன். அவ்வளவுதான்."

4

பத்து நிமிஷத்தில் வழி அடைபடவில்லை. ஒடுங்கிக்கொண்டே போனது. இடது தோளில் மலை உரசியது. வலது காலுக்குப் பக்கத்தில் மரங்களின் உச்சி தெரிந்தது. அந்த மரங்கள் எங்கே முளைத்திருக்கின்றன என்று பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. மழை பிடித்தது. பின்னாலேயே மேகம் இறங்கி, நாலடி முன்னால் போனவரின் முதுகையே மறைத்தது.

இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். இன்னும் பத்தடி போனதும் நினைத்தாள். ஆனால் ஒவ்வொரு அடிக்கும், "இதை ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்ற கேள்வியும் பெரிதாகிக்கொண்டே வந்தது. எத்தனையோ நரம்புகளைத் தேடிப் பிடித்த விரல்களுக்குப் புல்லைப் பிடிக்கத் தெரியவில்லை.

மண் சரிந்தபோது அவர் கத்தவே இல்லை. முதுகு இருந்த இடத்தில் மேகம் இருந்தது. கற்கள் உருண்டு போகும் சத்தம் மட்டும் கேட்டது, அது நிற்கவே மாட்டேன் என்றது.

"என்னங்க."

அவள் சரிவின் விளிம்பில் முட்டி போட்டாள்.

"என்னங்க, சத்தம் குடுங்க. ஏதாவது பேசுங்க."

"இங்க இருக்கேன்." குரல் காலடியிலிருந்து வந்தது. "எட்டிப் பார்க்காதே. மண்ணு இளகியிருக்கு. கால் போச்சும்மா, எலும்பு தெரியுது."

அவள் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தாள். மூன்று ஆள் உயரத்துக்குக் கீழே, சரிவில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு மரத்தில் அவர் தொங்கலாகச் சாய்ந்திருந்தார். அந்த மரத்தின் வேர்கள் பாதி வெளியே வந்திருந்தன. மழை வலுக்கும்போதெல்லாம் வேரிலிருந்து ஒரு பிடி மண் உதிர்ந்தது.

"நீ போய் ஆளைக் கூட்டிட்டு வா. நான் இங்கேயேதான் இருப்பேன், எங்க போகப்போறேன்."

"எப்படிங்க விட்டுட்டுப் போறது?"

"போன்னா போ. குறி போட்டவனைச் சொல்லணும். ரெண்டு கோடு போட்டு ஆளைக் கொல்லப் பார்த்திருக்கான்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஏம்மா, வர்ற வழியில எங்கயாவது போர்டு கீர்டு பார்த்தோமா?"

"இல்லைங்க," என்றாள் அவள்.

5

முடிவு ஒன்று: அவள் உண்மையைச் சொல்கிறாள். அவர் சிரிக்கிறார், மன்னிக்கிறார். [எழுதிப் பார்த்தேன். எலும்பு தெரியக் கிடக்கிறவர் சிரிக்க மாட்டார்.]

முடிவு இரண்டு: அவள் ஆட்களோடு திரும்பி வருகிறாள். மரம் இல்லை. [ஒன்றரைப் பக்கம் எழுதினேன். நன்றாக வந்திருந்தது. நன்றாக வந்ததே எனக்குப் பயமாகிவிட்டது. கிழித்துப் போட்டேன்.]

நடந்தது இதுதான். வந்த வழியை அவள் முட்டி போட்டுப் பின்பக்கமாகவே தவழ்ந்து கடந்தாள். திரும்பி நின்று நடக்க இடமில்லை. அவர் இறந்துவிட்டால் தான் கடைசியாக அவரிடம் பேசியது ஒரு பொய் என்பதையே வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். நாலேகால் மணி நேரம் கழித்து நான்கு பேர் கயிறுகளோடு வந்தார்கள். மரம் இருந்தது. அவரும் இருந்தார். இப்போது காலில் ஒரு இரும்புக் கம்பியோடு நொண்டி நடக்கிறார். லிப்ட் பக்கம் போக முடியாமல் அலுவலகத்தில் உட்கார்ந்து போன் எடுக்கிறார்.

6

அன்று ராத்திரியே அந்த மழையில் மலைப் பாதை மொத்தமாகச் சரிந்து பலகையெல்லாம் மண்ணுக்குள் போய்விட்டது. மெக்கானிக் விடவில்லை. தீவின் வனத்துறைக்குப் புகார் மேல் புகார் எழுதினார். எங்கேயும் எச்சரிக்கை கிடையாது, குறியைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்பது அவர் வாதம். இப்போது விசாரணை வைத்திருக்கிறார்கள். குறி போட்டவர் ஒரு தினக்கூலி. அவர் வேலை ஒரு கையெழுத்தில் நிற்கிறது. படிவத்தில் "சாட்சி" என்ற இடத்தில் மனைவி கையெழுத்துப் போட வேண்டும்.

"மூணு வாரமா சாக்கு சொல்லிட்டிருக்கேன் சார். பேனா எழுதலை, கண்ணாடி காணோம்னு."

இந்தக் கதை பத்திரிகையில் வந்தால் உங்கள் கணவருக்குத் தெரிந்துவிடுமே என்றேன். அவர் படிப்பாரா?

"அட்டையிலேர்ந்து அட்டை வரைக்கும். விளம்பரத்தைக்கூட விடமாட்டார்."

மெக்கானிக்கை வங்கி அதிகாரியாக்கிப் பார்த்தேன். வங்கி அதிகாரி இரட்டைக் கோட்டை நம்ப மாட்டார், பலகையைப் படித்திருப்பார். தையல்காரர், ஓட்டுநர், வாத்தியார், யாரைப் போட்டாலும் வலப்பக்கமே போய் உச்சியில் போட்டோ எடுத்துக்கொண்டு பத்திரமாக இறங்குகிறார்கள். இந்தத் தப்பை அவர் ஒருவரால்தான் செய்ய முடியும். அதனால் அவரை என்னால் மறைக்க முடியவில்லை.

எழுதியதை எடுத்துக்கொண்டு போய் அந்த அம்மாவிடம் கொடுத்தேன். கையுறையைக் கழற்றாமல், நின்றபடியே படித்தார். வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லிவிட மாட்டாரா என்றும் இருந்தது.

"ஒரு பலகைன்னு எழுதியிருக்கீங்க," என்றார். "ரெண்டு இருந்துச்சு. வழி பிரியற இடத்துல, இடுப்பு உயரத்துக்கு ஒண்ணு. அவர் திரும்பிப் பார்த்தப்போ நான் அதுக்கு முன்னால நின்னுட்டிருந்தேன். நான் நகரலை."

நான் தாள்களை வாங்கிக்கொண்டேன்.

"அதையும் சேர்த்துடுங்க," என்றுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

[மூன்றாம் பகுதிக்குப் போய் அதைத் திருத்தவில்லை. அவர் சொன்ன வரிசையிலேயே இருக்கட்டும்.]

7

மற்ற வாசகர்கள் மன்னிக்க வேண்டும். இந்தப் பகுதி காலில் இரும்புக் கம்பி வைத்த ஒரு வாசகருக்கு.

மெக்கானிக் சார், இது உங்கள் கதை என்று முதல் பகுதியிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் இதுவரை படித்திருக்கிறீர்கள். படிவம் வீட்டில்தான் இருக்கிறது, சாட்சி இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு இந்த இதழ் வரும் நாளில் விடுப்புப் போட்டிருப்பதாக உங்கள் மனைவி சொன்னார். தீவுக்குப் போனதையும் உங்கள் ஆஸ்பத்திரி நாட்களையும் விட்டால், இருபது வருஷத்தில் அவர் போடும் முதல் விடுப்பு. அடுத்த அறையில்தான் இருக்கிறார்.

இதற்கு மேல் என்ன நடக்க வேண்டும் என்று எழுத எனக்கு உரிமை இல்லை, தைரியமும் இல்லை. நீங்கள் எழுந்து போய்ப் பேசலாம், பேசாமலும் இருக்கலாம். சீக்கிரம் முடிவு செய்யுங்கள். பக்கம் புரட்டும் சத்தம் நின்றுவிட்டது அவருக்குக் கேட்டிருக்கும்.