பால் சொசைட்டிச் சுவரில் ஒரு பிளக்

கால்நடை மருத்துவர் முனீஸ்வரியின் காரைத் திண்டுக்கல்லில் தெரியாதவர்கள் குறைவு. வீட்டுச் சுவரில் பிளக்கைச் செருகி சார்ஜ் ஏற்றினால் கொஞ்ச தூரம் கரண்டில் ஓடும். அது தீர்ந்ததும் தானாகவே பெட்ரோலுக்கு மாறிக்கொள்ளும். அப்படி ஒரு வண்டி ஊரிலேயே அது ஒன்றுதான். பெங்களூரில் வேலை பார்த்த தம்பி கமலக்கண்ணன் வெளிநாட்டுக்குக் குடிபோகும்போது அக்காவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது.

அவள் தொழிலுக்கு வந்த புதிதில், "பொம்பளப் புள்ளையா? மாட்டைப் புடிச்சு நிறுத்தத் தெம்பு இருக்குமா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள். ஸ்கூட்டியில் மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வடமதுரைக்கும் குஜிலியம்பாறைக்கும் அலைந்த காலம் அது. பிறகு இந்தக் கார் வந்தது. சத்தமே இல்லாமல் மாட்டுக் கொட்டத்து வாசலில் வந்து நிற்கும். ஆட்கள் சுற்றி நின்று, "இது கரண்டா, பெட்ரோலா?" என்று கேட்பார்கள். "ரெண்டுந்தேன்" என்று சொல்லும்போது அவளுக்கு உள்ளுக்குள் ஒரு நிமிர்வு வரும். நாளடைவில் 'கரண்டு டாக்டரம்மா' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

இப்போது அந்தக் காரின் பேட்டரி தளர்ந்துவிட்டது. வீட்டிலிருந்து முழு சார்ஜில் கிளம்பினால் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் இன்ஜின் முழித்துக்கொள்கிறது. மாற்று பேட்டரி கப்பலில்தான் வரவேண்டும், அதுவும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்று கம்பெனியில் கையை விரித்துவிட்டார்கள்.

"முழுசா கரண்டு வண்டிக்கே மாறிடு முனீஸ்" என்றார் அவள் கணவர் அழகுராஜா. கல்லூரியில் இயற்பியல் எடுக்கிறவர். வாசலில் சார்ஜர் மாட்டுவதற்கான இடத்தை ஏற்கெனவே சாக்பீஸால் குறித்தும் வைத்திருந்தார்.

"நல்லாச் சொன்னீங்க. குஜிலியம்பாறைக்கு அங்கிட்டு ஒரு காட்டுல சினை மாடு படுத்துக் கெடக்கும். நான் பாதி வழியில சார்ஜ் தீந்து நின்னா, உங்க இயற்பியலா வந்து கன்னுக்குட்டியை இழுக்கும்? இந்த வண்டியில பெட்ரோல்னு ஒண்ணு இருக்கு. தீந்தா ஒரு கேனாவது வாங்கி ஊத்தலாம்."

"ஒரு நாளைக்கு எம்புட்டு தூரம் போற? கூட்டிப் பாத்தியா?"

அவள் கூட்டிப் பார்க்கவில்லை. பார்க்காததற்குக் காரணம் தூரம் இல்லை என்பது அவளுக்கே லேசாகத் தெரிந்திருந்தது. இன்று தெருவுக்கு ஒரு மின்சாரக் கார் நிற்கிறது. அதில் ஒன்றை வாங்கினால் அவள் வண்டி நூற்றில் ஒன்றாகிவிடும். ஊர் எல்லையிலேயே அடையாளம் கண்டு கைகாட்டுகிறவர்கள் இனி எதைப் பார்த்துக் கைகாட்டுவார்கள்?

ஆனாலும் சித்திரை மாதத்தில் ஒருநாள் ஷோரூமுக்குப் போனாள். அங்கே விற்பனைப் பிரிவில் இருந்தவர் ஃபாரிஸ். பேகம்பூர்க்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, பளபளக்கும் ஷூ. ஒவ்வொரு பொத்தானையும் தொட்டுத் தொட்டு விளக்கினார். கடைசியாக டிக்கியிலிருந்து ஒரு ஒயரை எடுத்துக் காட்டினார். "இதை வண்டியில மாட்டுனா, வண்டியிலேர்ந்தே வீட்டு கரண்டு எடுக்கலாம் மேடம். பிக்னிக் போற எடத்துல டீ போடலாம், லைட் போடலாம்."

"நான் எங்க தம்பி பிக்னிக் போறேன்? பஸ் ஸ்டாண்டைச் சுத்திக் காட்டி அனுப்பிராதீங்க. ஒரு முழு நாள் என் வேலைக்கு ஓட்டிப் பாக்கணும். என் பெட்டியெல்லாம் ஏத்தித்தான் ஓட்டுவேன்."

ஃபாரிஸ் மேலாளர் அறைக்குள் போய் வெகுநேரம் பேசிவிட்டு வந்தார். "சரின்னுட்டாங்க மேடம். ஆனா நானும் கூட வரணுமாம்."

மறுநாள் காலையில் அறுவைசிகிச்சைப் பெட்டி, கயிறுகள், ரப்பர் பூட்ஸ் எல்லாம் புது வண்டிக்கு மாறின. சாணி ஒட்டிய பூட்ஸ் சீட்டுக்குப் பின்னால் ஏறியபோது ஃபாரிஸின் முகம் லேசாகச் சுருங்கியது. மதியம் வரை எரியோடு பக்கம் இரண்டு மூன்று ஊர்களைப் பார்த்தார்கள். வண்டி நன்றாகத்தான் ஓடியது. ஆனால் ஒருவரும் கைகாட்டவில்லை. யாரோ வெளியூர்க்காரர்கள் என்று நினைத்து ஆட்டை ஓரமாக ஓட்டிக்கொண்டு போனார்கள். முனீஸ்வரிக்கு மனசு சுருக்கென்றது.

மாலையில் திரும்பும்போது மேற்கே வானம் கருத்தது. கோடை மழை புழுதிக் காற்றோடு வந்து அடித்தது. அந்த நேரம் பார்த்து போன் வந்தது. குஜிலியம்பாறைக்குக் கிழக்கே ஒரு தோட்டத்திலிருந்து நல்லுசாமி பேசினார். கலப்பின மாடு, தலைச்சன் ஈத்து. காலையிலேயே பனிக்குடம் உடைந்தும் கன்று வரவில்லை.

முனீஸ்வரி சார்ஜ் அளவைப் பார்த்தாள். பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. ஃபாரிஸைப் பார்த்தாள்.

"போய்ட்டு வந்துரலாம் மேடம்" என்றவர், "இன்ஷா அல்லாஹ்" என்று சேர்த்துக்கொண்டார்.

போகிற வழியில் புளியமரக் கிளை ஒன்று மின்கம்பத்தின் மேல் விழுந்து கிடந்தது. சுற்றுவட்டாரம் முழுக்கக் கரண்டு இல்லை. நல்லுசாமியின் கொட்டத்துக்குள் போனபோது மணி ஆறுதான். ஆனால் உள்ளே கை வைக்கிற இடம் தெரியவில்லை. நல்லுசாமியின் மனைவி பழனியம்மாள் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். புது வண்டியை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வந்துட்டியா தாயி" என்றாள்.

முனீஸ்வரி கையுறை மாட்டி உள்ளே விட்டுப் பார்த்தாள். கன்று பெரியது. தலை பின்னால் மடங்கிக் கிடந்தது. திருப்ப முயன்றாள், தோள் கடுக்கும் வரை முயன்றாள். மாடு தளர்ந்துகொண்டே வந்தது.

"வயித்தைத் தொறந்துதான் எடுக்கணும்ணே. ஆனா வெளிச்சம் வேணுமே. இந்த டார்ச்சு பத்தாது."

"மினி லாரி புடிச்சு ஆசுபத்திரிக்கு ஏத்திருவமா?" என்றார் நல்லுசாமி.

"அதுவரைக்கும் இது தாங்காதுண்ணே."

அப்போதுதான் அவளுக்கு ஷோரூமில் பார்த்த அந்த ஒயர் ஞாபகம் வந்தது. வாயைத் திறப்பதற்குள் ஃபாரிஸ் மழையில் ஓடிப்போய் வண்டியைக் கொட்டத்து வாசலை ஒட்டி நிறுத்தியிருந்தார். பம்புசெட்டு அறையிலிருந்து நீள ஒயரும், பெரிய எல்.ஈ.டி. பல்பும் வந்தன. பல்பு எரிந்ததும் கொட்டம் முழுக்கப் பகலாகிவிட்டது. சுற்றி இருட்டுக் கட்டிய அந்தக் காட்டில் அந்த ஒரு இடம்தான் வெளிச்சம்.

பழைய காரில் இப்படி ஒருமுறை ஹெட்லைட்டைப் போட்டு வேலை பார்த்தது அவளுக்கு நினைவிருந்தது. பேட்டரி இறங்கிவிடும் என்று இன்ஜினை ஓடவிட்டிருந்தாள். புகையும் இரைச்சலுமாக, மாடு மிரண்டு அவளை உதைத்தே விட்டது. இந்த வண்டியோ வாசலில் கல்லுப்போல நின்றது. மழைச் சத்தமும் மாட்டின் மூச்சும் மட்டுமே கேட்டன.

மாட்டின் இடப்பக்க வயிற்றில் மயிரை மழித்து, மரத்துப்போக ஊசி போட்டு, கத்தியை வைத்தாள். ஃபாரிஸ் பல்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலில் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஒரு கண்ணைத் திறந்தார். கருப்பையைத் திறந்து கன்றின் பின்னங்கால்களைப் பிடித்ததும் முனீஸ்வரி சத்தம் போட்டாள். "அண்ணே, இந்தக் காலைப் புடிங்க. ஃபாரிஸ், பல்பை ஆணியில தொங்கவிட்டுட்டு நீங்க அந்தக் காலு. மேல தூக்கி இழுங்க. விட்டுராதீங்க!"

வெள்ளைச் சட்டையோடு ஃபாரிஸ் இழுத்தார். கன்று வழுக்கிக்கொண்டு வந்து இருவர் மேலும் விழுந்தது. மூச்சில்லை. திறந்த வயிற்றிலிருந்து முனீஸ்வரியால் கையை எடுக்க முடியவில்லை. "மூக்கைத் துடைங்க, வைக்கோலை வச்சு நெஞ்சைத் தேய்ங்க, நல்லாத் தேய்ங்க!" என்று கத்தினாள். ஃபாரிஸ் முழங்காலிட்டு உட்கார்ந்து தேய்த்தார். கன்று ஒரு தும்மல் தும்மியது. காதை ஆட்டியது.

"உசுரு இருக்கு மேடம்! உசுரு இருக்கு!" என்று அவர் போட்ட சத்தத்தில் மாடே திரும்பிப் பார்த்தது.

தையல் போட்டு முடிக்கும்போது மழை ஓய்ந்திருந்தது. பெட்டைக் கன்று. தள்ளாடி எழுந்து நின்று, ஃபாரிஸின் விரலைச் சப்பியது.

கைகழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பழனியம்மாளிடம் முனீஸ்வரி கேட்டே விட்டாள். "ஏங்க்கா, பழைய வண்டியில வரலையே. ஆளு மாறிருச்சோன்னு நினைக்கலையா?"

பழனியம்மாள் சொம்பைத் தாழ்த்திவிட்டு அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "வண்டி மாட்டுக்குப் பேறுகாலம் பாக்குமா தாயி? நீ நடந்து வந்தாலும் எங்களுக்கு நீதான். நல்ல கூத்து."

முனீஸ்வரி குனிந்து இன்னொரு முறை முழங்கை வரை சோப்புப் போட்டாள்.

கிளம்பும்போது பயந்துகொண்டேதான் சார்ஜைப் பார்த்தாள். அத்தனை நேரம் பல்பு எரிந்தும் அளவு இறங்கியதாகவே தெரியவில்லை. திண்டுக்கல் வந்து சேர்ந்தபோதும் மிச்சம் இருந்தது. ஃபாரிஸ் ஷோரூம் வாசலில் இறங்கித் தன் சட்டையைப் பார்த்துச் சிரித்தார். "எங்க வீட்டுல நம்ப மாட்டாங்க மேடம். போட்டோ எடுக்காமப் போய்ட்டேன்."

ஆனாலும் அவள் உடனே பதிவு செய்யவில்லை. அன்று போன் வந்த நேரத்தில் சார்ஜ் குறைவாக இருந்திருந்தால்? ஒரே நாளில் இரண்டு அழைப்பு எதிரெதிர்த் திசையில் வந்தால்? குஜிலியம்பாறைப் பக்கம் அவசரத்துக்கு சார்ஜ் போட ஓர் இடம் கிடையாது. அழகுராஜாவிடம் இதைச் சொன்னபோது அவரும் வாதாடவில்லை. "அது நியாயமான கேள்விதான்" என்றார்.

பதில் பால் சொசைட்டியிலிருந்து வந்தது. தையல் பிரிக்கப் போன நாளில் சொசைட்டித் தலைவர் பொன்னுச்சாமி நல்லுசாமியின் தோட்டத்துக்கே வந்து காத்திருந்தார். நல்லுசாமி ஊரெல்லாம் கதை சொல்லி வைத்திருந்தார், சார்ஜ் போட இடமில்லை என்று முனீஸ்வரி போனில் சொன்னதையும் சேர்த்து.

"டாக்டரம்மா, சார்ஜ் போட எடமில்லைன்னு யோசிக்கிறீகளாம்ல? சொசைட்டிக் கட்டடத்துல பால் குளிரூட்டுற மெசினுக்குப் பெரிய லைன் வருது. வெளிச்சுவத்துல உங்களுக்குன்னு ஒரு பிளக்கு போட்டுத் தாரோம். கூட்டத்துல பேசி முடிச்சாச்சு. ஒருத்தரும் மறுக்கலை."

"அதுல மெதுவாத்தான் ஏறும் தலைவரே. மூணு மணி நேரம் நான் சும்மா நிக்கணும்."

"எதுக்குச் சும்மா நிக்கிறீக? நீங்க இருக்கீகன்னு தெரிஞ்சா நாங்க மாட்டை ஓட்டிட்டு வந்துருவோம்ல. ஆத்திர அவசரத்துக்கு மட்டுந்தானே உங்களைக் கூப்பிடுறோம். சில்லறை நோவெல்லாம் அப்படியே கெடக்கு."

அன்று மாலையே முனீஸ்வரி ஷோரூமுக்குப் போனாள். பழைய காரின் சாவியைக் கொடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கத்தான் செய்தது. கமலக்கண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னாள். "நல்லது பண்ணுனக்கா. அது ரெண்டுங்கெட்டான் வண்டி" என்று அவன் சிரித்தான். "ஏலே, அதைக் குறை சொல்லாத. அது எனக்கு ரெண்டுமா இருந்துச்சு" என்று அதட்டினாள்.

ஆடி மாதத்து முதல் வியாழக்கிழமை. புது வண்டி சொசைட்டிச் சுவரோரம் வந்து நின்றது. பிளக்குக்கு மேலே மழை படாமல் தகரக் கூரை போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். அவள் ஒயரைச் செருகிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். வேப்பமர நிழலில் தொடங்கிய வரிசை பஸ் நிறுத்தம் வரை போயிருந்தது. மாடுகள், ஆடுகள், ஒரு வண்டிக் காளை, கூடைக்குள் கோழி. ஒயர் வைக்கோலில் படாமல் ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தார் ஃபாரிஸ். அவருக்கு அன்று விடுமுறை. கன்றைப் பார்க்க வந்தேன் என்றார். பக்கத்தில் அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் நின்றிருந்தார்கள்.

வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் கேட்டார். "ஏப்பா, யாரு வண்டி இது?"

"நம்ம டாக்டரம்மா வண்டி" என்றாள் பழனியம்மாள்.

முனீஸ்வரி சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முதல் மாட்டின் முதுகில் கையை வைத்தாள்.