பிரேக்கில் கட்டிய மரம்

நெவ் கயிற்றை இன்னொரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, அதன்மேல் வரிசையாக ஆறு துண்டுகளைக் காயப்போட்டார். அவை ஏற்கெனவே காய்ந்த துண்டுகள் என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. எல்லாவற்றையும் எடுத்து நீச்சல் குளத்தில் முக்கிப் பிழிந்து மறுபடியும் போட்டார். இப்போது பார்க்கிறவர்களுக்கு அது துணி காயும் கொடி. கொட்டகைக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறவர்களுக்கு மட்டும் வேறு சங்கதி தெரியவரும்: கயிற்றின் ஒரு நுனி தைல மரத்தின் கவட்டையிலும், மறுநுனி கொட்டகை மூலையைச் சுற்றிக்கொண்டுபோய் அங்கே நிற்கிற பிக்கப் வண்டியின் கொக்கியிலும் முடிந்திருந்தது. நாற்பது வருஷம் சிங்கி இறால் பிடித்தவர் போட்ட முடிச்சு. புயல் வந்தாலும் அவிழாது. வரப்போவது புயல் இல்லை, கவுன்சில்.

நான்கு வருஷத்துக்கு ஒருமுறை ஊர் நிர்வாகமான கவுன்சிலிலிருந்து ஆள் வந்து குளத்தின் வேலியை அளப்பார்கள். வேலிக்கு வெளியே தொண்ணூறு சென்டிமீட்டருக்குள் குழந்தை கால் வைத்து ஏறும்படி எதுவும் இருக்கக் கூடாது. நாற்காலி, பூந்தொட்டி, மரம், எதுவும். நாற்காலியையும் தொட்டியையும் நகர்த்திவிடலாம். கடலோர ஊரான ஜெரால்டனில் மரம் தானாகவே நகரும் என்பதுதான் தொல்லை. தெற்குக் காற்று நண்பகலில் வேலைக்கு வந்தால் இருட்டிய பிறகுதான் வீட்டுக்குப் போகும். தெற்கிலிருந்து வருவதால் அதைத் தென்றல் என்று சொல்ல இலக்கணம் இடம் கொடுக்கலாம். குளத்துக்கு மேல் நிழலுக்காகக் கட்டிப் பறந்துபோன மூன்று பாய்கள் இடம் கொடுக்கா. மூன்றாவது பாய் நாலு தெரு தள்ளி ஒரு சர்ச்சின் கூரையில் கிடைத்தது.

இருபத்து நான்கு வருஷத்துக்கு முன்னால் குளம் வெட்டியபோது நெவ்வும் மனைவி ரோண்டாவும் சுற்றிலும் நடாதது இல்லை. செம்பருத்தி ஒரு மாதத்தில் உப்புக் காற்றில் கருகியது. பனை மாதிரி ஏதோ மூன்று வைத்தார்கள். மூன்றும் ஒரே வாரத்தில், பேசி வைத்துக்கொண்டது போலச் செத்தன. வாழை கிழிந்து கந்தலாகி, பார்க்கவே மரியாதையாக இல்லாமல் போனது. கடைசியில் நர்சரிக்காரர் இரக்கப்பட்டு இலவசமாகக் கொடுத்த தைலக் கன்றுதான் பிழைத்தது. காற்றோடு சண்டை போடாமல் படுத்துக்கொண்டே வளர்ந்தது. “அதுக்கு இருக்கிற புத்தி உனக்கு இல்ல பாரு,” என்பாள் ரோண்டா.

குளத்துப் பக்கத்தில் தைல மரம் வைக்கிறவன் முட்டாள் என்று ஊரே சொன்னது. ஊர் சொன்னது சரிதான். வருஷம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் இலை கொட்டும். சிங்கி இறாலைக் கூண்டு வைத்துத்தான் பிடிப்பார்கள். ஆகவே நாற்பது வருஷம் கடலில் வலையே தொடாத நெவ், ஓய்வுபெற்ற பிறகு தினமும் காலையில் வலை போட்டு இலை பிடித்தார். பிடிக்கும்போதெல்லாம் மரத்தைத் திட்டினார். ஆனால் எட்டு மணி முதல் பத்தரை வரை அந்த மரத்தின் நிழல் குளத்தில் விழும். அந்த நிழலில் மட்டும்தான் ரோண்டா நீந்தலாம். தோல் புற்று என்று அவள் மூக்கிலிருந்து இரண்டு துண்டும் காதிலிருந்து ஒரு துண்டும் வெட்டி எடுத்த டாக்டர், இனி வெயில் ஆகாது என்று சொல்லியிருந்தார். இடுப்பு எலும்பைப் பார்க்கிற இன்னொரு டாக்டர், நீந்தாவிட்டால் நடை போய்விடும் என்று சொல்லியிருந்தார். இரண்டு டாக்டர்களும் ஒத்துப்போகிற ஒரே இடம் அந்த மரத்தடி.

மரம் வேலியை நெருங்க நெருங்க, நெவ் வேலியைக் கழற்றிக் குளத்தை நோக்கித் தள்ளி வைத்தார். எட்டு வருஷம் முன்பு ஒரு தடவை, நான்கு வருஷம் முன்பு ஒரு தடவை. இப்போது வேலிக்கும் தண்ணீருக்கும் நடுவே அவர் பக்கவாட்டில்தான் நடக்க முடியும், அதுவும் சாப்பாட்டுக்கு முன்னால். இனி வேலி நகராது.

மரத்தையே வேலிக்கு உள்ளே எடுத்துக்கொண்டால் தீர்ந்தது. ஆனால் மரத்துக்கு அடுத்தாற்போல் துணிக்கொடி நின்றது. குடை மாதிரி விரிந்து காற்றில் சுற்றுகிற, நிஜமான கொடி. குளத்து வேலிக்குள் கொடி இருக்கக் கூடாது. துணி எடுக்கப் போகிறவர்கள் கதவைத் திறந்து போட்டுவிடுவார்களாம். கொடியைப் பிடுங்கு என்று ரோண்டா எட்டு வருஷமாகச் சொல்கிறாள். அதன் அடியில் கான்கிரீட் போட்டது நெவ். ஒரு படகைக் கட்டி நிறுத்துகிற அளவுக்குப் போட்டிருந்தார். எவ்வளவு போட்டார் என்பது அவருக்கும் பூமிக்கும் மட்டும் தெரியும். அதைத் தோண்டுவதைவிட மரத்தை நிமிர்த்துவது சுலபம் என்று பட்டது.

வண்டிச் சக்கரத்துக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தால் கிளைக்கும் வேலிக்கும் நடுவே எண்பத்தொன்பது சென்டிமீட்டர். ரோண்டா உட்கார்ந்து பிரேக்கை மிதித்தால் தொண்ணூற்றொன்று. படகுத்துறை உப்பில் கைப்பிரேக் செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது.

காற்று வருவதற்கு முன், ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்ன அதிகாரி ஒன்றரைக்கு வந்தாள். டேனிகா என்று பெயர் சொன்னாள். முப்பது வயதுக்குள் இருக்கும். கையில் கவுன்சில் பலகையும், நுனியில் சிவப்புச் சாயம் அடித்த ஒரு குச்சியும்.

“மன்னிச்சுக்கங்க நெவ். ஒரு வீட்டுல நாய் குச்சியத் தூக்கிட்டு ஓடிருச்சு. புடிக்கவே மதியம் ஆயிருச்சு.”

“பரவால்ல பரவால்ல,” என்றார் நெவ். அவர் சட்டை படபடத்தது. துண்டுகளும்.

“ரெண்டு கொடியா?” என்றாள் டேனிகா.

“துணி நெறைய சேருது.”

“வீட்டுல எத்தனை பேரு?”

“ரெண்டு பேரு.” கொஞ்சம் யோசித்து, “ரோண்டாவுக்குச் சுத்தம் ஜாஸ்தி,” என்று சேர்த்துக்கொண்டார்.

டேனிகா வேலிக்கும் கிளைக்கும் நடுவே குச்சியைப் பிடித்தாள். அது நுழைந்தது, ஒரு விரல் இடம் மிச்சம் இருந்தது. நெவ் மூச்சு விட்டார். அதே நேரத்தில் காற்றும் ஒரு மூச்சு விட்டது. கயிறு ‘க்ரீச்’ என்றது. கிளை மெதுவாக வந்து குச்சியைத் தொட்டு, மரியாதை தெரிந்த விருந்தாளி போலத் திரும்பிப் போனது. டேனிகா மரத்தைப் பார்த்தாள். மரம் எங்கேயோ பார்த்தது. நெவ்வும் எங்கேயோ பார்த்தார்.

கொட்டகைக்குப் பின்னாலிருந்து வண்டி ஹாரன் ஒலித்தது.

“யாரு அது?”

“ரோண்டா.”

“வண்டில என்ன பண்றாங்க?”

“உக்காந்திருக்கா.”

“எங்கயாவது கிளம்புறாங்களா?”

“இல்ல. சும்மா. அவளுக்கு அங்க உக்காரப் புடிக்கும்.”

ஹாரன் மறுபடியும், இந்தத் தடவை நீளமாக ஒலித்தது. கால் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். இடுப்பு வலிக்காக நீந்துகிறவளை அந்த நீச்சலுக்காகவே இடுப்பு ஒடிய உட்கார வைத்திருக்கிறோம் என்று நெவ்வுக்கு அப்போதுதான் தோன்றியது. தோன்றிய நேரம் சரியில்லை.

டேனிகா குச்சியைத் தரையில் ஊன்றி அதன் தலையில் உள்ளங்கையை வைத்தாள். “கவுன்சில்ல டேப்பு குடுப்பாங்க. இது நானே வெட்டினது. எம் பொண்ணு இந்த உயரம் இருக்கறப்ப வெட்டினேன். ரெண்டே முக்கால் வயசு. இப்ப தாண்டிட்டா, கழுதை.” அவள் சிரித்தாள். “பேப்பர்ல தொண்ணூறுன்னு பாத்தா வெறும் நம்பர். இத வச்சுப் பாத்தா அவ எங்க கால் வப்பான்னு தெரியும். உங்களுக்குப் பேரப் பசங்க இருக்காங்களா?”

“ஒரு பேத்தி. ஐவி. பெர்த்ல இருக்கா, மூணு வயசு. கிறிஸ்துமஸுக்கு வரா.” சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். பெருமை விடவில்லை. “போன மாசம் ஃப்ரிட்ஜ் மேல ஏறிட்டாளாம். எப்படி ஏறினான்னு யாருக்கும் தெரியல. மேல உக்காந்து சீஸ் தின்னுட்டு இருந்திருக்கா.”

“அடேயப்பா,” என்றாள் டேனிகா.

நெவ் கிளையைப் பார்த்தார். இருபத்து நான்கு வருஷமாகப் பார்த்த கிளை. அது தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் கிளம்பி, ஏணி மாதிரி அல்ல, ஏணியைவிட வசதியாகச் சாய்ந்து போவதை இன்றைக்குத்தான் பார்த்தார். பிடிக்கக் கணுவும் இருந்தது, உட்கார்ந்து சீஸ் தின்ன ஓர் இடமும் இருந்தது.

டேனிகா பலகையில் எதுவும் எழுதவில்லை. பேனாவைக் காதில் செருகிக்கொண்டாள். “இந்தத் தெருவுல எனக்கு இன்னும் மூணு வீடு இருக்கு. முடிச்சிட்டு நாலு மணிக்குத் திரும்பி வரேன். அப்பக் காத்து நல்லா எழுந்திருக்கும், அப்பத்தான் அளவு சரியா வரும்.” கேட்டுக்குப் போகிற வழியில் ஒரு துண்டைத் தொட்டுப் பார்த்தாள். “அதுக்குள்ள துணியெல்லாம் எடுத்துருங்க நெவ். காஞ்சிருச்சு.”

நெவ் கொட்டகைக்குப் பின்னால் போனார். ரோண்டா நீச்சல் உடையின் மேல் அவருடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, தாம்பாளம் அகலத் தொப்பியோடு, இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். வலது கால் நடுங்கியது.

“போயிட்டாளா?”

“நாலு மணிக்கு வராளாம்.”

“கண்டுபிடிச்சிட்டாளா?”

“தெரியல. துண்டு காஞ்சிருச்சுன்னா.”

“கண்டுபிடிச்சிட்டா.”

“சரி, கால எடு. மரம் போற எடத்துக்குப் போகட்டும். ரம்பம் எங்க இருக்குன்னு பாக்கிறேன்.”

ரோண்டா காலை எடுக்கவில்லை. “எதுக்கு ரம்பம்?”

“ஐவி வரா ரோண். அந்தக் கிளைய இன்னிக்குத்தான் பாத்தேன்.”

“நான் எட்டு வருஷமா பாத்துட்டுதான் இருக்கேன். மரத்த வெட்டச் சொன்னேனா? கொடியப் புடுங்கிட்டு மரத்த வேலிக்குள்ள எடுன்னு சொன்னேன்.”

“அதுல எவ்வளவு கான்கிரீட்டு இருக்கு தெரியுமா?”

“போட்டது யாரு?”

நெவ் துணிக்கொடி நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“கடப்பாரை சத்தம் கேக்கற வரைக்கும் கால எடுக்க மாட்டேன்,” என்றாள் ரோண்டா. “இடுப்பு போனா போகட்டும். அப்புறம் நீதான் என்னையக் குளத்துக்குத் தூக்கிட்டுப் போகணும், கிழவா. பக்கவாட்டுல.”

“வெயில் அடிக்குதே உனக்கு.”

“தொப்பி போட்டிருக்கேன். போ. போறதுக்கு முன்னாடி ஒரு டீ.”

அவர் டீ போட்டு, ஒன்றரைக் கரண்டி சர்க்கரை போட்டு, ஜன்னல் வழியாகக் கொடுத்தார். வலப்பக்கம் வெயில் விழுந்த கண்ணாடியில் ஒரு துண்டைச் செருகிவிட்டார். பிறகு கொட்டகையிலிருந்து கடப்பாரையையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு துணிக்கொடியிடம் போனார். அதிலிருந்த காலை நேரத்துத் துணியை எடுக்கக்கூட அவருக்குப் பொறுமையில்லை. மண் இளகியதாகத்தான் இருந்தது. நாலாவது குத்தில் கடப்பாரை ‘டங்’ என்று பதில் சொன்னது.

“கேட்டுச்சா?” என்று கத்தினார்.

கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஹாரன் ஒருமுறை சிறிதாக ஒலித்தது. ஒரு குத்தை நம்பி அவள் காலை எடுப்பதாக இல்லை; கயிறு விறைத்தபடியே இருந்தது.

காற்று ஏறிக்கொண்டிருந்தது. நெவ் குனிந்து குத்தக் குத்த, தலைக்கு மேலே கொடி சுற்றிக்கொண்டே இருந்தது. அவருடைய மூன்று சட்டைகளும் ரோண்டாவின் பூப்போட்ட நைட்டியும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு, கையைக் கையை ஆட்டியபடி.