கதவு தட்டும் பட்டியல்

காலை ஏழு மணியிலிருந்து பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டிருந்தார் வில்ஃப் ஸ்டாபர்ட். எண்பத்தொரு வயது. கோட்டின் இடது மார்பில் சாப்பாட்டுத் தட்டளவுக்கு கட்சியின் சிவப்பு ரிப்பன் பூ ஒன்று. டிசம்பர் மழை அவர் தொப்பியில் விழுந்து, மூக்கு வழியாக இறங்கி, கையிலிருந்த காகிதத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. கோல்டர்பெக் ஊர் மழை மேலிருந்து கீழே விழுகிற மரியாதையான மழை அல்ல. பக்கவாட்டில் வந்து ஒரு காதில் புகுந்து மறு காது வழியாக வெளியேறும். நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பது வருடம் கிடந்த வில்ஃபுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை.

ஓட்டுப் போட வருகிறவர்களின் அட்டை எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்வது அவர் வேலை. கட்சி கொடுத்த பட்டியலில் நம்ம ஆள்கள் பெயர் முழுக்க இருக்கும். வந்தவர் பெயரை அடித்துவிட வேண்டும். அடிபடாத பெயர்களைத் தேடிப்போய்க் கதவைத் தட்டி, தூங்குகிறவனை எழுப்பி, குளிக்கிறவனைத் துவட்டிக் கூட்டிவர வேண்டும். முன்பெல்லாம் பதினொரு மணிக்கே பட்டியல் முழுக்க அடித்து முடித்துவிட்டு, கல்லறைத் தோட்டத்திலிருந்து யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றதாக வில்ஃப் சொல்வார். அதை நம்பாதவர்களுக்கு அவர் வீட்டில் டீ கிடையாது.

வாசலின் மறுபக்கம் போட்டிக் கட்சியின் நீல ரிப்பனோடு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் திருமதி பார்கெட்டர். ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரி. முப்பது வருடத் தேர்தல்களாக இருவரும் ஒருவரையொருவர் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டு ஒரே பிஸ்கட் டப்பாவைக் காலி செய்து வந்தார்கள்.

ஒரு மணிக்கு ஜனீன் ஃபிளாஸ்கோடு வந்தாள். வில்ஃபின் ஒரே மகள், ஐம்பத்திரண்டு வயது.

"என்னப்பா, உதடெல்லாம் நீலமாயிருச்சு."

"அந்த வார்த்தையை இங்க சொல்லாத. பார்கெட்டரம்மா சந்தோஷப்படும்."

"எனக்கு அந்தக் கலர் ஒதடு வேண்டாம் வில்ஃப். அதைச் சுடுதண்ணியில முக்கி நீங்களே வெச்சுக்கோங்க," என்றார் பார்கெட்டர்.

வில்ஃப் சிரிக்கத் தொடங்கி இருமலில் முடித்தார். அந்த இருமல் ஒரு வாளி நிலக்கரியைத் தகரத்தில் கொட்டுவதுபோல் கேட்கும். ஜனீன் அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு அது அடங்கும்வரை நின்றாள்.

"உன் நம்பரைச் சொல்லு கண்ணு."

"இன்னும் போடலப்பா."

"போடலையா? மணி ஒண்ணு! உங்கம்மா உன்னை வயித்துல வெச்சுக்கிட்டு, வலி எடுத்தப்பறம்கூட இங்க வந்து போட்டுட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனா."

அவள் உள்ளே போனாள்.

கூடம் அவளுக்குத் தெரிந்த கூடம்தான். இருபத்திரண்டு வருடம் அங்கே பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைத்துப் போட்டிருக்கிறாள். சமையலறை ஜன்னலின் தகரத் திரை இறக்கிப் பூட்டியிருந்தது. எட்டு வாரத்துக்கு முன் ஊரை நிர்வகிக்கும் கவுன்சில் அதை மூடியது. இப்போது ஐம்பது மைல் தள்ளி எங்கோ சமைத்த சாப்பாடு அலுமினியத் தட்டுகளில் வேனில் வருகிறது. ஜனீனோடு சேர்த்து ஏழு பெண்கள் வேலையிழந்து வீட்டுக்குப் போனார்கள். அந்தக் கவுன்சில் வில்ஃப் பிறப்பதற்கு முன்பிருந்தே சிவப்புக் கட்சியின் கையில்.

ஓட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் நின்றாள். ஐந்து வயதில் அப்பா அவளை இங்கே இடுப்பில் தூக்கி, நூலில் கட்டிய பென்சிலைக் கையில் கொடுத்து, "இங்க போடு பெருக்கல் குறி" என்று விரலால் காட்டுவார். சீட்டில் ஒரே ஒரு பெயர்தான் உண்டு, மற்றதெல்லாம் ஓர அலங்காரம் என்று பத்து வயதுவரை நம்பியிருந்தாள். இன்று ஐந்து பெயர் இருந்தது. நம்ம ஆள் என்று லண்டனிலிருந்து அனுப்பப்பட்டவனின் பெயர் மூன்றாவது. பென்சில் நுனி அதன் பக்கத்தில் போய் நின்றது. பிறகு மற்ற நான்கின் பக்கத்திலும் நின்றது. ஒன்றிலும் இறங்கவில்லை. வெறும் சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டாள்.

"முந்நூத்தி நாப்பது," என்றாள் வெளியே வந்து.

"அதான் என் மவ!" எண்ணைக் கொட்டை எழுத்தில் எழுதினார். எங்கே போட்டாய் என்று கேட்கவில்லை. சூரியன் எந்தப் பக்கம் உதித்தது என்று அந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை.

பிறகு பட்டியலை அவள் பக்கம் நீட்டினார். "இதப் பாரு. நம்ம தெருவுல ஆறு பேர் இன்னும் வரல. ஆறும் உன் சமையல்கட்டு ஆளுங்க. உன் பேச்சைக் கேப்பாங்க, போய்க் கூட்டிட்டு வா."

"அவங்க கோவமா இருப்பாங்கப்பா."

"கோவம் இருக்கட்டும். கோவத்தை வீட்ல வெச்சுட்டு வரச் சொல்லு. சமையல்கட்டை நம்ம கவுன்சிலா மூடுச்சு? லண்டன்ல நீலக்கார கவர்மெண்டு காசை நிறுத்தி நம்மாளுங்க கையைக் கட்டிப்போட்டுடுச்சு."

"கட்சியோட புதுத் தலைவரையும் அவங்களுக்குப் பிடிக்கல."

"தலைவனா! நான் பதிமூணு தலைவனப் பாத்துட்டேன். அதுல நாலு பேரைத்தான் எனக்கே பிடிச்சுது. மிதியடிக்குச் சிவப்பு ரிப்பன் குத்தி நிறுத்தினாலும் போடுவேன். தலைவன் வாடகைக்கு இருக்கறவன் கண்ணு. வீடு நம்மளது."

அவள் போனாள். லோர்னாவின் வீடுதான் முதலில். கதவைத் திறந்த லோர்னா உள்ளேயும் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள், அடுப்பு எரியவில்லை.

"ஓட்டுக்கா வந்திருக்க? நீயா?"

"அப்பா அனுப்பினாரு."

"உங்கப்பாவைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. சுரங்க வேலைநிறுத்தப் பஞ்சத்துல எங்க வீட்டு வாசல்ல மூட்டை மூட்டையா உருளைக்கிழங்கு வெச்ச மனுஷன். ஆனா நான் வரமாட்டேன்."

"கவுன்சிலோட கையைக் கட்டிப்போட்டுட்டாங்கன்னு சொல்றாரு."

"கட்டிப்போட்ட கையால எப்படிடி என் வேலையை எடுக்கற கடுதாசியில கையெழுத்துப் போட்டாங்க?"

லோர்னா ஜனீன் முகத்தையே பார்த்தாள். "நீ போட்டியா?"

"வெறும் சீட்டைப் போட்டேன்."

"அவருக்குத் தெரியுமா?"

"செத்தாலும் சொல்லமாட்டேன்."

மற்ற ஐந்து கதவுகளும் சிவப்புக்கு இல்லை என்றே சொல்லின. டெனிஸ் கதவையே திறக்கவில்லை. கதவில் கடிதம் போடும் துவாரம் வழியாக, "நீலத்துக்குப் போடப் போறேன்னு உங்கப்பாகிட்ட சொல்லிராத, மனுஷன் விழுந்துருவாரு," என்றாள்.

திரும்பி வரும்போது பள்ளி வாசலில் ஒரு கார் நின்றது. கவுன்சிலர் ரட்லெஜ் கண்ணாடியைப் பாதி இறக்கி, "நீங்கதான் எங்க தூண், வில்ஃப்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். "மாத்து ஆள் வரல. இன்னும் ரெண்டு மணி நேரம் நிக்க முடியுமா?"

"நாலு மணி நேரம்கூட நிப்பேன்."

கண்ணாடி ஏறியது. கார் போனது. வில்ஃப் சுவரைப் பிடித்துக்கொண்டு மகளைப் பார்த்தார்.

"எங்க அவங்க?"

ஜனீன் வாயைத் திறந்தபோது, எதைச் சொல்லப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. "காலையிலயே போட்டுட்டாங்களாம்ப்பா. ஆறு பேரும். நீங்க பாத்ரூம் போயிருந்தீங்களாம்."

காலையில் அவர் இரண்டு தடவை போயிருந்தார். அப்போதெல்லாம் அவருக்கும் சேர்த்து எண் குறிப்பது பார்கெட்டர்தான். அது அவர்களுக்குள் பழைய ஏற்பாடு. வில்ஃப் அவர் பக்கம் திரும்பினார்.

"பார்கெட்டரம்மா, வந்தாங்களா?"

பார்கெட்டர் மடியிலிருந்த தன் தாளைப் பார்த்தார். அதில் அந்த ஆறு எண்ணும் இல்லை. பிறகு சுவரைப் பிடித்திருந்த அந்தக் கையைப் பார்த்தார். பிறகு ஜனீனை.

"வந்தாங்க வில்ஃப்," என்றார் மெதுவாக. "ஆறு பேரும் ஒண்ணா வந்தாங்க. நான்தான் குறிக்க மறந்துட்டேன்."

"மறந்துட்டீங்களா! நீலக்காரியை நம்பினேன் பாரு!" அவர் குரலில் அன்று முதன்முதலாகத் தெம்பு ஏறியது. "எனக்குத் தெரியும். அவங்க அம்மாமாரையே எனக்குத் தெரியும். அந்த வீட்டுப் பொண்ணுங்க எங்க போயிரும்?"

பட்டியலைச் சுவரில் வைத்து அழுத்தி, பென்சில் நுனியை நாக்கில் நனைத்துக்கொண்டார். ஒவ்வொரு பெயராக வாய்விட்டுச் சொல்லி நேர்க்கோடாக அடித்தார். லோர்னா. டெனிஸ். ஹில்டா. மோரக். இரண்டு பெவர்லிகள். கடைசிப் பெயரில் ஈரக் காகிதம் கிழிந்தது. கிழிசலை விரலால் ஒட்டிப் பிடித்துக்கொண்டு அதையும் முழுதாக அடித்து முடித்தார்.