சின்னவளின் கைராசி

"எடு கையை!"

மாமியார் போட்ட அதட்டலில் பெரியவளின் விரல்கள் விதைச் சீசாவின் விளிம்பிலேயே நின்றுவிட்டன. கல்யாணமாகி வந்த நாள்தொட்டு அந்த வீட்டு அவரையை ஊன்றிய கை அது. கடையில் கிடைக்காத ரகம். வெள்ளைக் கொட்டையில் கருஞ்சிவப்புத் தீற்றல். மாமியாருக்கு அவள் மாமியார் கொடுத்தது.

"புருஷனைத் தின்ன கை தொட்டா கொடி விளங்குமா? சின்னவ போடட்டும்."

பெரியவள் கையை எடுத்தாள். அவள் கணவன் செத்த பிறகு அந்த வீட்டில் அவள் பதிலுக்கு யாரும் காத்திருப்பதில்லை. வேறு போக்கிடமும் இல்லை.

ஓரகத்தி சின்னவளுக்குத் துணிக்கடையில் வேலை. மண் என்றால் அவளுக்குச் செருப்பில் ஒட்டுவது. விதையை ஊறப்போட்டாள், மறந்தாள், நாற்றம் வந்த பிறகு முழ ஆழத்தில் புதைத்தாள். ஒன்றும் முளைக்கவில்லை.

"அக்கா, சீசாவுல மிச்சம் ஒரு பிடிதான். இதுவும் போச்சுன்னா அத்தை என்னைக் கொன்னே போடுவாங்க. நீங்க போடுங்க. பேரு மட்டும் என்னோடதா இருக்கட்டும்."

"பேரை எடுத்துக்கோ. யாராவது வராங்களான்னு வாசல்ல நின்னு பாரு."

கொடி பந்தலேறிக் காய்த்துக் குலுங்கியது. மாமியார் தெரு முழுக்கச் சின்னவளின் கைராசியைப் பாடினாள். பெரியவள் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் சுமக்கிற கையில் மட்டும் யாரும் குறை காணவில்லை.

காய்ந்த நெற்றுகளை மூவரும் உரித்துக்கொண்டிருந்த மதியம் பெரியவளுக்குத் தாங்கவில்லை.

"அத்தை, இதைப் போட்டது நான்."

மாமியாரின் விரல்கள் நிற்கவில்லை. "தெரியும்."

பெரியவள் நிமிர்ந்தாள்.

"சின்னவ போட்டா இப்படி வரிசை வருமா? எனக்கென்ன கண்ணா அவிஞ்சுபோச்சு? அடுத்த வருஷமும் நீயே போடு. வெளியில அவ பேரே இருக்கட்டும். பேசாம உரி."

மாமியாரின் நம்பிக்கைக்குப் பயந்துதான் இத்தனை நாள் பெரியவள் அடங்கிக் கிடந்ததாக நினைத்திருந்தாள். நம்பிக்கையே இல்லாத இடத்தில் பூட்டு இன்னும் கெட்டியாக இருந்தது.

மதிலுக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுத் தையல்காரி கை நீட்டினாள். மாமியார் எழுந்து போய் ஒரு பிடி விதை கொடுத்தாள்.

"அப்படியே ராசிக்காரியையும் அனுப்புங்க. எங்க வீட்டுலயும் ஊன்றட்டும்."

"ஊன்றினது நான்தாங்க," என்றாள் பெரியவள். "வரட்டுமா?"

சின்னவள் தலை குனிந்தாள். தையல்காரி விதைகளை மதில்மேலேயே வைத்துவிட்டு விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்தப் பந்தலின் காயை வாரம் தவறாமல் வாங்கித் தின்ற வாய் அவளுடையது.

பெரியவள் விதைகளை அள்ளி எடுத்தாள். தெரு பார்க்கிற வாசல் பக்கம் போய், சுள்ளென்ற வெயிலில் உட்கார்ந்து, விரலால் மண்ணைக் குத்தி முதல் விதையை வைத்தாள்.

"ஏய், எல்லாரும் பார்க்கிறாங்கடி," என்று மாமியார் பல்லைக் கடித்தாள்.

"பார்க்கட்டும் அத்தை."

அடுத்த குழியைக் குத்தினாள்.