சொல்லிக் கொடுக்காத மாதம்

"பந்து, மயில், எலுமிச்சை, ஏணி, நீலம்" என்று பெயிண்டர் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் ஒப்பித்து முடித்தபோது, பின்னால் உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பயிற்சி வார்டு டாக்டரம்மா இன்னும் கேள்விக்கே வந்திருக்கவில்லை. "நான் இப்ப அஞ்சு வார்த்தை சொல்லப் போறேன், ஞாபகம் வச்சுக்கங்க" என்பதுவரைதான் வந்திருந்தார். பெயிண்டர் கண்ணைத் திறந்து மனைவியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். முதல் மார்க் வாங்கிய பிள்ளைகூட அப்படிச் சிரிக்காது.

இரண்டாவது மாடிச் சுவருக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தபோது ஏணியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு ஆறு மாதம் ஆகிறது. உயிர் பிழைத்ததே பெரிய விஷயம் என்றார்கள். ஞாபகமும் பேச்சும் எப்போது வரும் என்று கேட்டால், போகப் போகத் தெரியும் என்றார்கள். போன பரீட்சையின்போதுதான் பெரிய டாக்டர் விஷயத்தை உடைத்தார். பயிற்சி வார்டில் இடம் கொஞ்சம், தேறுகிற அறிகுறி இருப்பவர்களுக்குத்தான் மேற்கொண்டு ஆறு மாதம் கொடுப்பார்கள், அடுத்த தடவையும் இப்படியே இருந்தால் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அன்றைக்கு ஐந்து வார்த்தையில் அவருக்கு ஒன்றும் வரவில்லை. அவளுக்கு ஐந்தும் வந்தது. கேள்வித்தாளே கையில் கிடைத்துவிட்ட சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போனாள்.

எல்லாப் பரீட்சையிலும் அதே கேள்விதான் வரும் என்று நினைத்த அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. பட்டன் தைக்கிற மெஷினில் பதினோரு வருஷமாக ஒரே வேலையைச் செய்கிறவள். முகம் மழிக்கும்போது கேட்டாள், சட்டை மாட்டும்போது கேட்டாள், வாயில் சோற்றை வைத்துவிட்டு விழுங்கும்வரை காத்திருந்து கேட்டாள். கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். ஏணி வரும்போது மட்டும் அவர் நின்றுவிடுவார். இந்த வார்த்தையைப் பொறுக்கிப் போட்டவனுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்று அவள் திட்டுவாள், பிறகு அதையும் தாண்ட வைப்பாள். ஐந்தும் வந்த நாளில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். விழுந்ததிலிருந்து அவர்கள் இருவரும் பேசிக்கொண்ட பேச்சு என்றால் அதுதான்.

டாக்டரம்மா முகத்தில் எதையும் காட்டாமல் புதிதாக ஐந்து வார்த்தைகள் சொன்னார். படம் காட்டினார், எண்ணச் சொன்னார். ஐந்து நிமிஷம் கழித்து, "அந்த வார்த்தையெல்லாம் சொல்லுங்க பாப்போம்" என்றார்.

பெயிண்டர் முதுகை நிமிர்த்திக்கொண்டார். "பந்து, மயில், எலுமிச்சை..."

அவரைப் பக்கத்து அறையில் உட்காரவைத்துவிட்டு வந்து, "சொல்லிக் குடுத்தீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"ஆமாம்மா. முப்பத்தெட்டு நாள்."

"அது சின்ன விஷயம் இல்ல. ஆனா அதை இந்தத் தாள்ல எங்க எழுதுறதுன்னுதான் எனக்குத் தெரியல. இன்னிக்குச் சொன்னதுல ஒண்ணுகூட நிக்கல. பழசு வந்து வழிய மறிச்சுக்குது."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. அவள் முந்தானையை விரலில் சுற்றினாள். "இனிமே தேற மாட்டாரா? ஒளிக்காம சொல்லுங்கம்மா."

"நூறு பேருக்கு என்ன ஆகும்னு கேட்டா சொல்லிடுவேன். இவர் ஒருத்தருக்கு என்ன ஆகும்னு கேட்டா எப்படிச் சொல்ல?" டாக்டரம்மா பேனாவை மூடினார். "இன்னிக்கு மார்க் போடல. உடம்பு முடியலன்னு எழுதிக்கிறேன். அடுத்த மாசம் கூட்டிட்டு வாங்க. அதுக்கு மேல என்னால தள்ளிப்போட முடியாது. அதுவரைக்கும் எதையும் சொல்லிக் குடுக்காதீங்க. இதையும் ஒப்பிக்க விடாதீங்க. இது மறந்தாத்தான் அவருக்குத் தானா என்ன வருதுன்னு பாக்க முடியும்."

"சரிம்மா." அவள் எழுந்தாள். வாசல்வரை போய்த் திரும்பினாள். "இதையும் கேக்கலன்னா அவர்கிட்ட வேற என்னம்மா பேசுறது?"

டாக்டரம்மா அடுத்த மாதத் தேதியை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸில் அவருக்கு ஜன்னலோரம் கிடைத்தது. வண்டி கிளம்பியதும் அவள் கேட்பது வழக்கம். அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு அவள் பக்கம் திரும்பினார். அவள் பையைத் திறந்து டிக்கெட்டைத் தேடினாள். டிக்கெட் கையிலேயே இருந்தது. இரண்டு நிறுத்தம் போனது. பெற்ற பிள்ளைக்குப் பால் மறக்கடித்தபோதுகூட அவளுக்கு இப்படி வலித்ததில்லை.

"கோவமா?" என்றார் அவர்.

ஆறு மாதத்தில் அவர் வாயிலிருந்து ஒரு கேள்வி வந்ததில்லை. தேறுகிறார் என்பதா, அவள் முகம் அவ்வளவு கெட்டுக் கிடந்தது என்பதா, யாரைக் கேட்டால் சொல்வார்கள்?

"இல்லைங்க."

அவர் நம்பவில்லை. கைகளை முழங்கால்மேல் ஒழுங்காக வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, அவள் கேட்பதற்காகக் காத்திருந்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அவருக்கு அப்பால், ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கண்ணாடியில் அவருடைய பிடரி தெரிந்தது, அதற்குப் பின்னால் கடைகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன.