கைதட்டுவதா, எழுந்து நிற்பதா

எங்கள் சேவை சங்கத்தில் உறுப்பினர் செய்தி என்றால் இரண்டே வகைதான். ஒன்று, கைதட்ட வேண்டிய செய்தி. மற்றொன்று, எழுந்து நிற்க வேண்டிய செய்தி. கூட்டம் தொடங்கியதும் தலைவர் மேசை மணியை ஒரு தட்டுத் தட்டுவார். பேரன் பிறந்தவர், கடையைப் பெரிதாக்கியவர், மகளுக்கு வேலை கிடைத்தவர் எல்லாம் ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள், நாங்கள் கைதட்டுவோம். யாராவது இறந்துபோயிருந்தால் அதைத் தலைவரே சொல்வார். எல்லோரும் எழுந்து தலையைக் குனிந்து ஒரு நிமிடம் நிற்போம். தலைவர் பல் டாக்டர். ஒரு நிமிடம் என்றால் அவருக்கு ஒரு நிமிடம்தான், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதனுக்கு என்ன நேர்ந்தாலும் அதற்குச் சங்கத்தில் இடம் கிடையாது. முட்டி வலி, தம்பியோடு மனஸ்தாபம், கடைப் பக்கம் ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை என்பதெல்லாம் டீ குடிக்கும்போது பேசிக்கொள்ள வேண்டியவை. நல்ல செய்திக்குப் பஞ்சம் வந்த ஒரு மாதத்தில், கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டதில் வலி தீர்ந்தது என்று ஒருவர் எழுந்து சொன்னதற்குக்கூடக் கைதட்டியிருக்கிறோம். பிடுங்கியவர் தலைவர் என்பதால் கொஞ்சம் பலமாகவே தட்டினோம்.

நான் மோட்டார் ரிப்பேர் செய்கிறவன். தண்ணீர் பம்பு, மின்விசிறி, மிக்ஸி, சுற்றுகிற எதுவும் நின்றுபோனால் என்னிடம் வரும். சங்கத்தில் என் பெயரே மோட்டார் அண்ணன்தான். எங்கள் அரங்கத்துக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது. சக்கர நாற்காலி, ஊன்றுகோல், வாக்கர், மடக்குக் கட்டில் எல்லாம் அங்கே அடுக்கியிருக்கும். தேவைப்படுகிறவர்கள் எடுத்துப்போய், தேவை முடிந்ததும் திருப்பித் தரலாம். அறைச் சாவி எங்கள் உறுப்பினர் டெய்லரக்காவிடம். சக்கரத்துக்கு எண்ணெய் விடுவது, பிரேக்கைச் சரிபார்ப்பது, வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் இறக்குவது எல்லாம் என் பொறுப்பு. ஊரில் பாதிப் பேர் வீட்டுப் படுக்கையறை வரைக்கும் போய் வந்தவன் நான் என்று சங்கத்துப் போட்டோ ஸ்டூடியோக்காரர் கிண்டல் செய்வார். நான் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

போன வருடம் என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆனது. எங்கள் அறையிலிருந்தே ஒரு சக்கர நாற்காலியை எடுத்து, மூன்றாம் மாடிக்குத் தோளில் தூக்கி ஏறினேன். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. பகலில் ஒரு பெண் வந்து அவளைப் பார்த்துக்கொண்டாள். நான் கடைக்குப் போய், அங்கிருந்து சங்க வேலையாக அலைந்துவிட்டு, பொழுது சாய்ந்து வீடு திரும்புவேன். கதவைத் திறந்தால் அவள் ஜன்னலருகே சக்கர நாற்காலியை நிறுத்திக்கொண்டு தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.

பிறகு எங்கள் மகள் வந்தாள். அவள் இருப்பது வேறு ஊரில், ஒரு நாள் பயணம். அங்கே கட்டடத்துக்குள்ளேயே லிஃப்ட், கீழே இறங்கினால் பூங்கா, பக்கத்துத் தெருவில் உடற்பயிற்சி சொல்லித்தருகிறவர். இரண்டு மாதம் அம்மா என்னோடு இருக்கட்டும், நடக்கப் பழகியதும் கொண்டுவந்து விடுகிறேன் என்றாள். நியாயமான பேச்சு. நானும் மருமகனும் நாற்காலியோடு அவளைத் தூக்கிக் கீழே இறக்கினோம். வண்டி கிளம்பும்போது அவள் கையாட்டினாள், நானும் ஆட்டினேன். மறுநாள் நாற்காலியைக் கழுவித் துடைத்து டெய்லரக்காவிடம் ஒப்படைத்தேன்.

அங்கேதான் வினை தொடங்கியது. எங்கள் சங்கத்தாருக்கு, கொடுத்த பொருள் திரும்பி வந்தால் அதற்கு இரண்டு காரணம்தான் தெரியும். ஆள் போய்விட்டார், அல்லது ஆள் எழுந்து நடந்துவிட்டார். என் வீட்டுச் சாவுக்கு யாரும் வரவில்லை, ஆகவே அவள் நடந்துவிட்டாள். எங்கள் மாத மடலைத் தயாரிக்கும் வாத்தியார் ஒரு வார்த்தை என்னிடம் கேட்காமல், "மோட்டார் அண்ணனின் துணைவியார் பூரண நலம் பெற்று இல்லத்தில் நடமாடி வருகிறார்" என்று உறுப்பினர் செய்தியில் போட்டுவிட்டார். அடுத்த கூட்டத்தில் தலைவர் அதை வாசித்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் எழுந்து மறுத்திருக்கலாம். ஆனால் பாருங்கள், கைதட்டல் நன்றாக இருந்தது. எனக்காக யாரும் கைதட்டி எவ்வளவோ காலமாகிவிட்டது. அதோடு பொய்யும் இல்லை. அதற்குள் அவள் மகள் வீட்டில் கம்பைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தாள். இல்லத்தில் என்றுதான் போட்டிருந்தார்கள், எந்த இல்லம் என்று போடவில்லை. வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டவர்களிடமெல்லாம் நன்றாக இருக்கிறாள் என்றேன். டெய்லரக்கா மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, வீட்டில் சும்மா உட்காரும்போது போட்டுக்கொள்ளட்டும் என்று ஒரு குஷன் தைத்துக் கொடுத்தாள். மிச்சத் துணிகளை ஒட்டுப்போட்ட, நல்ல கனமான குஷன். அதைக் கொண்டுபோய், அவள் விழுவதற்கு முன்பு உட்காரும் ஜன்னலோர மர நாற்காலியில் போட்டேன். அதில் நான் உட்காரவில்லை.

இரண்டு மாதம் நான்கானது, நான்கு ஏழானது. நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மாலையில் விளக்குப் போட்டதும் போனில் பேசுவோம். பூங்காவில் இன்றைக்கு மூன்று சுற்று நடந்தேன், கீழ்வீட்டுப் பெண்ணோடு கடைக்குப் போய் நானே காய் வாங்கினேன் என்பாள். குரலில் ஒரு துள்ளல் இருக்கும். போனை வைத்ததும் வீடு சட்டென்று பெரிதாகிவிடும். ஒரே ஒரு தட்டைக் கழுவ இவ்வளவு நேரமா ஆகும் என்று தோன்றும். ரேடியோவைப் போடுவேன், அதில் இரண்டு பேர் பேசிச் சிரிப்பார்கள், அணைத்துவிடுவேன். தனியாக இருப்பது இப்படி இருக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

அப்போதுதான் தலைவருக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் உபகரண அறைக்கு ஆண்டு விழா. பேப்பர் கடைக்காரரின் அம்மாவுக்கு ஒரு சக்கர நாற்காலி கொடுக்க வேண்டும். என் மனைவி உட்கார்ந்த அதே நாற்காலியை, அவளே மேடைக்கு நடந்து வந்து அந்த அம்மாவிடம் கொடுத்தால் எப்படி இருக்கும் என்றார். எல்லோரும் ஆகா என்றார்கள். ஸ்டூடியோக்காரர் எங்கிருந்து படம் எடுப்பது என்று அங்கேயே நின்று பார்த்தார். என்ன அண்ணே, கூட்டிக்கொண்டு வந்துவிடுவீர்கள்தானே என்று தலைவர் கேட்டபோது, வந்துவிடுவாள் என்று நான் சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகு பயப்பட வேண்டிய எனக்குச் சந்தோஷம் பொங்கியது. எனக்காக வா என்று அவளைக் கூப்பிட என் வாய் எழாது. சங்கத்துக்காக வா என்று கூப்பிடலாம். ஒருமுறை வந்து படியேறிவிட்டாளென்றால் போதும், அப்புறம் இருந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கி, கீழிருந்து மூன்றாம் மாடி வரை சுவர்ப் பக்கமும் கைப்பிடிக் குழாய் பொருத்தினேன். திருப்பத்துக்குத் திருப்பம் உட்கார்ந்து மூச்சு வாங்க ஒரு முக்காலி போட்டேன். குளியலறையில் வழுக்காத தரை, பிடித்துக்கொள்ள இரண்டு கம்பி, எந்த உயரத்தில் என்று மகளிடம் போனில் கேட்டுக்கொண்டேன். கடையைப் பாதி நாள் மூடிவிட்டு வேலை செய்தேன். குழாயின் வெட்டு முனைகளில் அவள் உள்ளங்கை கீறாமல் இருக்க அரம் போட்டுத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினேன்.

எல்லாம் முடிந்த மாலை போன் செய்தேன். விழாவைப் பற்றி, தலைவர் சொன்னது, ஸ்டூடியோக்காரர் நின்று பார்த்தது எல்லாம் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"விழாவுக்கு வரலாம்தான். வந்துட்டு?"

"வந்துட்டு இருந்துடு," என்றேன். "மாடிப்படியில கைப்பிடி போட்டுருக்கேன். பாத்ரூம்லயும்."

"பொண்ணு சொன்னா. நீங்க பண்ணா நல்லாத்தான் பண்ணியிருப்பீங்க."

அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் அடுக்கும் சத்தம் கேட்டது. அவள் கதவைச் சாத்திக்கொண்டு வேறு இடத்துக்கு நகர்வதும் கேட்டது.

"ஏங்க, நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. அங்க நான் ஜன்னல்கிட்ட உக்காந்து, உங்க செருப்புச் சத்தம் படியில எப்பக் கேக்கும்னு பாத்துக்கிட்டே இருப்பேன். இடுப்பு உடைஞ்ச பிறகு மட்டும் இல்ல, அதுக்கு முன்னாடி எத்தனையோ வருஷம். இங்க நான் யாருக்காகவும் காத்துக்கிட்டு இல்ல. இது எனக்குப் பழகிப்போச்சு."

"கோவமா?"

"கோவமா இருந்தா வந்திருப்பேன், சண்டை போடவாவது."

அப்படியானால் நான் அங்கே வரட்டுமா என்று கேட்க நினைத்து, நாக்கு நுனி வரை வந்ததை மென்று விழுங்கினேன். அதை அவளே எடுத்துப் பேசினாள். "நீங்களும் வாங்கன்னு சொல்லலாம். ஆனா இங்க வந்தா நீங்க ஜன்னல்கிட்ட உக்காரணும். அது உங்களுக்கு ஒத்துவராது." குத்திக்காட்டுகிற குரல் இல்லை. என்னை நன்றாகத் தெரிந்த ஒருத்தியின் குரல். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை.

விழா நாளில் அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பேப்பர் கடைக்காரரும் அவர் அம்மாவும். மேடையில் அந்த நாற்காலி, சக்கரமெல்லாம் பளபளவென்று. முந்தைய நாள் நானேதான் துடைத்து வைத்தேன். தலைவர் மணியைத் தட்டி, இன்றைய உறுப்பினர் செய்தியில் நமக்கெல்லாம் பெருமை தரும் ஒன்று என்று ஆரம்பித்தார். என் மனைவியின் இடுப்பெலும்பு உடைந்ததிலிருந்து தொடங்கி, சங்கம் கொடுத்த நாற்காலி, அவளுடைய மன உறுதி என்று அழகாகக் கோத்துக்கொண்டு போய், இப்போது அவரே நடந்து வருகிறார் என்று வாசலைப் பார்த்துக் கையை நீட்டினார். எல்லோரும் திரும்பினார்கள். வாசலில் டீ கொண்டுவரும் ஆள் கூஜாவோடு நின்றிருந்தார். எல்லோரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு அவர் ஓர் அடி பின்வாங்கினார்.

அவள் வரமாட்டாள் என்பதை யாரிடமும் சொல்லாமல், காய்ச்சல், பஸ் கிடைக்கவில்லை என்று எப்படிப் பூசி மெழுகலாம் என வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். எழுந்து நின்றதும் அவையெல்லாம் எங்கோ போய்விட்டன.

"அவ நல்லா நடக்குறா," என்றேன். "பூங்காவுல மூணு சுத்து நடக்குறா. தானே போய்க் காய் வாங்குறா. ஆனா இங்க இல்ல, பொண்ணு வீட்டுல. நாற்காலிய நான் திருப்பிக் கொடுத்தேனே, அப்பவே போயிட்டா. இன்னைக்கு வரல. இனிமேயும் வரமாட்டா."

பின்வரிசையில் காது கொஞ்சம் மந்தமான ஒருவர், நடக்கிறாள் என்பதை மட்டும் கேட்டுவிட்டுக் கைதட்டினார். தனியாகத் தட்டுகிறோம் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். தலைவர் என்னைப் பார்த்தார், மணியைப் பார்த்தார். அவருக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை, பாவம். அப்போது டெய்லரக்கா எழுந்து நின்றாள். அவளைப் பார்த்து வாத்தியார் எழுந்தார். நாற்காலிகள் பின்னால் நகரும் சத்தம் வரிசை வரிசையாக வந்தது. அரங்கமே எழுந்து நின்றது.

"உக்காருங்க, உக்காருங்க. அவ உசுரோட, நல்லாத்தான் இருக்கா," என்றேன்.

யாரும் உட்காரவில்லை. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பேப்பர் கடைக்காரரின் அம்மாவும் எழ முயன்றார், மகன் தோளைத் தொட்டு உட்காரவைத்தார். தலைவர் பழக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எத்தனையோ பேருக்காக நான் இப்படி நின்றிருக்கிறேன், ஒரு நிமிடம் இவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. என் தலையும் குனிந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, துடைத்தால் தெரிந்துவிடும்.

அப்புறம் விழா விழாவாக நடந்தது. நாற்காலியை டெய்லரக்கா கொடுத்தாள், ஸ்டூடியோக்காரர் படம் எடுத்தார், பிரேக்கை எப்படிப் போடுவது என்று நான் மண்டியிட்டு அந்த அம்மாவுக்குக் காட்டினேன். டீ நேரத்தில் யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை. பிஸ்கட்டை மட்டும் ஆளாளுக்கு என் பக்கம் நகர்த்தினார்கள். வாத்தியார் தயங்கித் தயங்கி வந்து, மடலில் இதை எப்படிப் போடுவது என்று கேட்டார். குணமாகிவிட்டாள் என்று ஏற்கெனவே போட்டுவிட்டீர்களே, அதுவே இருக்கட்டும் என்றேன். குஷனைத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்று டெய்லரக்காவிடம் சொன்னேன்.

"வச்சுக்குங்கண்ணே. யார் உக்காந்தாலும் அது மெத்துன்னுதான் இருக்கும்."

இருட்டுவதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டேன். அவ்வளவு சீக்கிரம் நான் வீடு திரும்பிய நாள் நினைவில் இல்லை. ஜன்னலோர நாற்காலியில், அந்தக் குஷன் மேல் உட்கார்ந்தேன். அங்கிருந்து தெருவின் ஒரு துண்டு தெரிந்தது. பஸ் நிறுத்தம், மருந்துக் கடை, பையோடு வீடு திரும்புகிறவர்கள். உட்கார்ந்து பார்த்தால் நேரம் அங்கே மிக மெதுவாகத்தான் போகிறது. அவள் ஒரு நாளும் என்னிடம் இதைச் சொன்னதில்லை.

விளக்குப் போட எழுந்தபோது கீழே படியில் செருப்புச் சத்தம் கேட்டது. யாரோ கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள், குழாயில் மோதிரம் உரசும் ஒலிகூடக் கேட்டது. விளக்கைப் போடாமல் நின்றேன். முதல் மாடி தாண்டியது. அடுத்த திருப்பத்து முக்காலியையும் தாண்டியது. இரண்டாம் மாடியில் ஒரு கதவு திறந்தது, வந்துட்டீங்களா என்று யாரோ கேட்டார்கள், கதவு மூடியது.